காலண்டருக்குப் பின்னால் ஒரு சுவர்

புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்தால் மற்றவர்களுக்கு மனசு குளிரும். எனக்கு அதன் அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்ற கேள்விதான் முதலில் வரும். என் புத்தி அப்படி. ரங்கூனை ஒட்டிய லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் சட்டைகளைப் பார்த்துச் சொல்கிற வேலையில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் மேஜை, மேஜையில் மலை மாதிரி சட்டைகள், அவற்றில் எது ஊரைவிட்டுப் போகலாம், எது திரும்பித் தையல்காரியிடம் போக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். சட்டை தைக்கிறவர்கள் என்னை வேண்டாதவளாகப் பார்ப்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது.

குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவோம். நகத்தளவு காகிதம், பின்னால் பசை. அம்பின் முனை குறையைத் தொட வேண்டும், வால் நல்ல துணியில் இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். முனை வேறு பக்கம் பார்த்துவிட்டால், திருத்துகிற பெண் ஒழுங்கான தையலைப் பிரித்துப்போட்டுவிட்டு ஓட்டையை அப்படியே விட்டுவிடுவாள். அந்த அம்புச் சீட்டுகள் என் கைப்பையில் எப்போதும் கிடக்கும். வீட்டிலும் ஊறுகாய் ஜாடி கெட்டுப்போனால் அதன் மேல் ஒன்று ஒட்டிவைப்பேன். என் வீட்டுக்காரர் புதுச்சட்டை வாங்கினால் எனக்குத் தெரியாமல் ஒரு முறை துவைத்துப் போட்டுவிட்டு, "இது பழசுதான்" என்று சொல்லித்தான் என் முன்னால் வருவார்.

இந்த ஊரில் ஆ-நா என்று ஒரு வழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் மனம் நோகுமே, அவருக்குச் சங்கடமாகுமே என்று உண்மையை மென்று விழுங்கிவிடுவது. கறி உப்பாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்பார்கள். வர முடியாது என்று தெரிந்தாலும் வருகிறேன் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்ட எங்கள் தமிழ் ஆட்களுக்கும் அது நன்றாகவே தொற்றிக்கொண்டது. எனக்கு மட்டும் தொற்றவில்லை என்று என் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதையும் என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள்.

வீடு பார்த்துச் சொல்கிற வேலைக்குப் போகலாமா என்ற யோசனை எனக்கு வந்தது க்யிம்யிண்டைங்கில். ஆலையில் என் லைனைப் பார்த்துக்கொள்ளும் பர்மியப் பெண் அங்கே படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய அடுக்குவீட்டை வாங்கப் பார்த்தாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். மாந்தலே பக்கம் பூமி குலுங்கியபோது ரங்கூனும் சேர்ந்து ஆடியதிலிருந்து, வீடு வாங்குகிறவர்கள் ஜன்னலில் வருகிற காற்றை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவளும் யாரோ சொன்னார்கள் என்று ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை வரவழைத்திருந்தாள். முன்பு நகராட்சி வேலையில் இருந்தவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவத் தமிழர். எல்லோரும் அவரைச் சயா என்றுதான் கூப்பிட்டார்கள். பர்மியில் ஆசிரியருக்கும் பெரியவருக்கும் அதுதான் மரியாதைச் சொல். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வீட்டைக் காட்ட வந்த தரகர் சிரித்த வாய் மூடவில்லை. எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. அறைக்கு அறை ஊதுபத்தி. எனக்கு அந்த ஊதுபத்தியைத்தான் பிடிக்கவில்லை. சாமியே இல்லாத அறையில் ஊதுபத்தி எதற்கு? பின்னறையில் ஒரு பெரிய அலமாரி ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. வெளிச்சத்தை மறைத்து யாராவது அலமாரி போடுவார்களா? நான் கன்னத்தைச் சுவரில் வைத்து அலமாரிக்குப் பின்னால் எட்டிப்பார்த்தேன். அங்கே மட்டும் சுண்ணாம்பு கூடுதல் வெள்ளையாக இருந்தது. அதை விரலால் தொட்டால் ஈரம்.

"சயா, இங்க வந்து பாருங்க," என்றேன்.

அவர் தன் திருப்புளியின் மரப்பிடியால் அந்த இடத்தைத் தட்டினார். மற்ற இடமெல்லாம் கெட்டியாகக் கேட்ட சத்தம் அங்கே பொத்தென்று கேட்டது. அலமாரியை நகர்த்தச் சொன்னார். தரகரின் சிரித்த வாய் அப்போதுதான் மூடியது. சுவரில் கூரையிலிருந்து தரை வரைக்கும் வெடிப்பு ஓடியிருந்தது, அதில் தண்ணீரும் இறங்கியிருந்தது. சயா என் லைன்காரியிடம் பொறுமையாக விளக்கினார். வெடிப்பு இருப்பது பெரிய விஷயம் இல்லை, அது நின்றுவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்பதுதான் விஷயம். மெல்லிய காகிதத்தைக் கஞ்சியால் வெடிப்பின் குறுக்கே ஒட்டிவைக்க வேண்டும். சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும். கிழியவில்லை என்றால் கொஞ்சம் நிம்மதி.

வெளியே வந்ததும் அவர் என்னைக் கேட்டார். "நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"சட்டை பாக்குறேன்."

அவர் சிரித்தார். தன்னிடம் இரண்டு இளம் பொறியாளர்கள் இருப்பதாகவும், வாங்குகிறவர்களுக்காக வீடு பார்த்துச் சொல்வதுதான் இப்போது தங்கள் தொழில் என்றும், படுக்கையறை, சமையலறைக்குள் தயங்காமல் போய்ப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்றும் சொன்னார். "மத்தத நாங்க சொல்லிக்குடுப்போம். கண்ணு இருக்கு உங்களுக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

புகழ்ச்சி கேட்டால் எனக்கு உடனே உடம்பு விறைத்துக்கொள்ளும். யார் வேலைக்கு ஆள் வேண்டுமென்றாலும் முதலில் புகழ்வார்கள். இந்த மனிதருக்கு என்ன ஆதாயம்? அதே தரகர் வாங்கிக்கொடுத்த டீயை இவர் வாங்கிக் குடித்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் டீயைக் குடித்துவிட்டும் வீட்டின் குறையை அந்தத் தரகரின் முகத்துக்கு நேராகச் சொன்னார் என்பதையும் கவனித்தேன். இரண்டையும் மனதில் போட்டுக்கொண்டேன்.

ஆசை வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விடிவதற்கு முன் ஆலை ஆட்களை ஏற்றிப்போகிற ஃபெரி பஸ்ஸைப் பிடித்து, பாலத்தைத் தாண்டி, நின்றுகொண்டே நாளை ஓட்டி, கால் வீங்கித் திரும்புகிற பிழைப்பு எனக்கு அலுத்திருந்தது. ஆலையில் ஆர்டரும் குறைந்து வந்தது, என்றைக்கு யாரை நிறுத்துவார்கள் என்று தெரியாது. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. அந்த அலமாரிக்குப் பின்னால் கன்னத்தை வைத்துப் பார்த்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக என் சந்தேகம் ஒருத்திக்கு உதவியாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். சட்டை எனக்கு நன்றி சொன்னதே இல்லை.

எங்கள் வீடு மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதையின் சத்தம் கேட்கிற தெருவில். என் மாமனார் காலத்தில் அது மரவீடு. இடத்தை ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, அவர் கட்டிய கட்டடத்தில் எங்கள் பங்காக மூன்றாம் மாடி வந்தது. ரங்கூனில் பாதிக் கட்டடம் இப்படி எழும்பியதுதான். ஒல்லியாக, நீளமாக, முன்னால் தெரு, பின்னால் சாக்கடைச் சந்து. ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், கயிற்றில் மணி. கீழே டீக்கடையில் ஏதாவது கொடுத்தனுப்பினால் கிளிப்பில் மாட்டி மணியை ஆட்டுவார்கள், நாங்கள் மேலே இழுத்துக்கொள்வோம்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் பின்னறைச் சுவரிலும் முடியளவு கோடு ஒன்று விழுந்தது. என் மகள் படிப்பதும் தூங்குவதும் அந்த அறையில்தான், அவள் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. பூச்சில் விழுந்த கோடு என்று என் வீட்டுக்காரர் சொல்லி அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினார். க்யிம்யிண்டைங்கிலிருந்து திரும்பிய அன்று சாப்பிடும்போது காகிதம் ஒட்டுகிற வித்தையை அவருக்கும் மகளுக்கும் விலாவாரியாகச் சொன்னேன். பிறகு காலண்டரைக் கழற்றி நானே ஒரு மெல்லிய காகிதத்தைக் குறுக்கே ஒட்டினேன். ஒட்டிய பிறகு கை சும்மா இருக்கவில்லை, பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பையும் ஒட்டினேன். முனை வெடிப்பைத் தொட்டது. அந்தச் சுவர்தான் எனக்கு முக்கியம். அது நகர்ந்தால் என் பிள்ளை மேல்தான் விழும்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலண்டரைத் தூக்கிப் பார்ப்பேன். காகிதம் முழுசாக இருக்கும். என் வீடு பாஸ் என்று சொல்லிக்கொள்வேன். சயாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனால் மனதுக்குள் பாதி வேலை மாறிவிட்டேன். பஸ்ஸில் போகும்போது தெரிகிற கட்டடங்களின் விரிசல்களில் எல்லாம் எண்ணத்தில் அம்பு ஒட்டிக்கொண்டே போனேன்.

அந்த நாட்களில் வீட்டில் சில விஷயங்கள் எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் மகள் கட்டிலை நகர்த்தினாள். சுவரிலிருந்து இழுத்து எதிர்ப்பக்கம், ஜன்னல் ஓரம் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், "இந்தப் பக்கம்தாம்மா காத்து வருது," என்றாள். இந்த வயதுப் பெண் ஜன்னல் ஓரம் போனால் காற்றுக்காகத்தானா? எதிர் வீட்டு மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று நான் விசாரித்தேன். கண்பார்வை மங்கிய ஒரு தாத்தாவும் அவருடைய பூனையும். அப்படியும் என் மனம் ஆறவில்லை. அவள் கைபேசியை எங்கே வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியில் பாதிதான் நிரப்புகிறார்கள் என்று தெரிந்தது. மோட்டார் போடுகிற ஆளிடம் கேட்டேன். மின்சாரம் இருக்கிற நேரம் போதவில்லை என்றான். "மீ லாபீ!" என்று தெருவே கத்துகிறதே, கரண்ட் வந்த உடனே நீ போட வேண்டியதுதானே என்று அவனைப் பிடித்துக் கேட்டேன். அவன் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தான். அவர் கீழே கிடந்த செருப்பைப் பார்த்தார். இந்த ஆள் எங்கள் தண்ணீரைப் பக்கத்துக் கட்டடத்துக்கு விற்கிறான் என்று முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம்தான் பெரிய மாற்றம். பருப்பு மண்டியில் வேலை, விட்டால் வீடு என்று இருந்த மனிதர், மாடிப்படியில் மேலும் கீழும் போய் வந்தார். எங்கே என்றால் தொட்டியைப் பார்த்தேன் என்பார். ஒரு நாள் அவர் சட்டைப்பையில் துண்டுக் காகிதங்கள் இருந்தன, விரலில் பசை. இந்த ஊரில் பாதிப் பேரைப் பிடித்து ஆட்டுகிற இரண்டு இலக்க லாட்டரியில் இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் மறைப்பார், கேட்காமல் கவனித்தால் பிடித்துவிடலாம் என்பது என் தொழில் புத்தி. என் பையில் அம்புச் சீட்டு குறைந்ததையும் பார்த்தேன். மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போயிருப்பாள் என்று அதை விட்டுவிட்டேன்.

பதிலைக் கேட்க வீட்டுக்கே வருவதாகச் சயா சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவர் வருவதற்குள் ஒரு வீட்டை முழுசாகப் பார்த்துப் பழகிக்கொள்ளலாமே என்று தோன்றியது. பழக எந்த வீடு? என் வீடுதான். முன்னறை, சமையலறை, கழிப்பறைக் குழாய் எல்லாவற்றையும் வேற்று ஆள் வீடு மாதிரி பார்த்தேன். கடைசியில் பின்னறைக்கு வந்து காலண்டரைத் தூக்கினேன். காகிதம் முழுசாக இருந்தது.

அம்பு மட்டும் திரும்பியிருந்தது.

முனை வெடிப்பை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தூக்கத்தில் ஒட்டினாலும் அம்பை அப்படி ஒட்டமாட்டேன். காகிதத்தை முகர்ந்தேன். என்னுடையது கஞ்சி. இதில் கடைப்பசை வாசனை. முன்னறையில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இத யாரு ஒட்டினது?"

"எத?"

"நான் ஒட்டினது இது இல்ல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "காத்துல கழண்டு விழுந்துச்சு. நாந்தான் திருப்பி ஒட்டினேன். அதுக்கென்ன இப்ப?"

"காலண்டருக்கு அடியில காத்து எப்பிடிப் போகும்?"

அவர் டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். லாட்டரி, தண்ணீர், கட்டில் எல்லாம் என் தலைக்குள் ஒரே நேரத்தில் இடம் மாறின. நான் செருப்பைக்கூடப் போடாமல் படியேறினேன். "எங்க போற? இந்தா, நில்லு," என்று அவர் பின்னாலேயே வந்தது கேட்டது. வெடிப்பு எங்கள் கூரை வரை போனது. அப்படியானால் மேல்வீட்டிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

நான்காம் மாடியில் இருப்பவர் பர்மியப் பெண்மணி, காலையில் தெருமுனையில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிறவர். என்னைவிட மூத்தவர், அமா என்று கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். நாங்கள் பர்மியில்தான் பேசுவோம். கதவைத் திறந்தவர் என் முகத்தையும், எனக்குப் பின்னால் படியில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி டீ ஊற்றப் போனார். நான் நேராகப் பின்னறைக்குப் போனேன். எங்கள் காலண்டர் தொங்குகிற அதே இடத்தில் அங்கேயும் ஒரு காலண்டர்.

"அமா, இதைத் தூக்கிப் பார்க்கட்டுமா?"

"வெயிலில் வந்திருக்கிறாய். முதலில் டீயைக் குடி."

"ஒரு மாடி ஏறி வந்திருக்கிறேன். வெயில் எங்கே இருக்கிறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானே தூக்கினேன். காகிதங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தன. மேலே இருந்தவை கிழிந்திருந்தன, நடுவில் நேராக, பிளேடால் வெட்டியது போல. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு. எல்லா முனையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

என் பையிலிருந்து போன அம்புகள். தப்பான பக்கம் திரும்பிய அம்புகள். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. என் காகிதம் முதல் வாரத்திலேயே கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு அவர் காகிதத்தை மாற்றி ஒட்டியிருக்கிறார், கடைசித் தடவைதான் அம்பும் கழன்று அதையும் ஒட்ட வேண்டி வந்திருக்கும். பிறகு நான் சாப்பாட்டின்போது சொன்ன வித்தையை எடுத்துக்கொண்டு மாடி மாடியாகப் போய் எல்லா வீட்டிலும் ஒட்டிப் பார்த்திருக்கிறார். நான் எந்த வேலைக்குப் போகலாமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து கனவு கண்டேனோ, அந்த வேலையை என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வீட்டுக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லோருக்கும் தெரியும், தங்கச்சி," என்றார் அமா. "உனக்குச் சொல்லத்தான் ஆ-நாவாக இருந்தது. உன் மகளுக்கும் தெரியும். பாரம் குறையட்டும் என்று தொட்டியில் பாதித் தண்ணீர்தான் விடச் சொன்னோம். மழைக்காலம் முடியட்டும், ஏதாவது செய்யலாம் என்று பேசிக்கொண்டோம்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?"

அமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு தமிழில் சொன்னார். "நீ அந்தச் சயாகிட்ட சொல்லிருவ. அவரு நகராட்சி ஆளு. காலி பண்ணுன்னு சிவப்பு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்கன்னா இத்தன குடும்பம் எங்க போகும்? வாடக விக்கிற வெலைக்கு யாரு எடம் குடுப்பா? நீ ஒரு சட்டைய ரிஜெக்டுன்னா ரிஜெக்டுதான். அழுதாலும் மாத்தமாட்ட."

"அதுக்காக? புள்ள தூங்குற எடம்!"

"அவளக் கட்டில நகத்திப் போடச் சொன்னேன்ல."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காலண்டரை அப்படியே கிழித்திருப்பேன். அமாவின் வீடு என்பதால் கையை மடக்கிக்கொண்டேன். சுவர் நகர்ந்தது என்னை அவ்வளவு உலுக்கவில்லை. ஊர்பேர் தெரியாத தரகரைச் சந்தேகப்பட்டேன், மோட்டார்காரனைச் சந்தேகப்பட்டேன், பெற்ற மகளையே சந்தேகப்பட்டேன். என்னிடமிருந்துதான் மறைக்க வேண்டும் என்று ஒரு கட்டடமே கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறது, அதுமட்டும் எனக்குத் தெரியவில்லை. அதற்குத் தலைமை என் வீட்டிலேயே இருந்தது. அழுகை வந்தது, அமா கொடுத்த டீயைக் குடித்து அதை அடக்கினேன்.

அப்போது எங்கள் கயிற்று மணி அடிப்பது கேட்டது. கீழே சயா வந்துவிட்டார்.

படியிறங்கினேன். என் வீட்டுக்காரர் முன்னால் இறங்கி எங்கள் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். "வேலைக்கு வரேன், வரலன்னு எதையாவது சொல்லி அனுப்பிரு. இதப் பத்தி இன்னிக்கு வேணாம். உன்னக் கும்பிட்டுக் கேக்குறேன்," என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது. இரண்டாம் மாடிக் கதவு கொஞ்சம் திறந்து, யாரோ எட்டிப் பார்த்தார்கள். மேலே அமா கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சயாவின் செருப்புச் சத்தம் மேலே ஏறி வந்தது. சொல்லாமல் விட்டால் இந்தப் படியில் நான் நிம்மதியாக ஏறி இறங்கலாம். ஆனால் பின்னறையில் என் பிள்ளை படுப்பாள், எல்லா மாடியிலும் யாராவது ஒருவர் படுப்பார்கள்.

சயா மூச்சு வாங்க வந்து நின்று, "என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார்.

"வேலையப் பத்தி அப்புறம் பேசலாம் சயா. மொதல்ல எங்க வீட்டுச் சொவத்தப் பாருங்க."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வாசலை விட்டு விலகினார். சயா உள்ளே வந்ததும், நான் போவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரே போய்க் காலண்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சயா எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. மொட்டைமாடியிலிருந்து கீழே டீக்கடையின் பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே இறங்கினார். சுவர் தூணை விட்டுப் பிரிந்திருக்கிறது, அதைச் சரிசெய்துவிடலாம் என்றார். கீழ்த்தளத்துப் பின்தூண்தான் ஆபத்து. சந்துப் பக்கம் கழிவுக் குழாய் ஒழுகி ஒழுகி, உள்ளே கம்பி துருப்பிடித்துத் தூண் ஊதியிருந்தது. அவர் தட்டியதும் ஒரு கைப்பிடி சிமெண்ட் உதிர்ந்து விழுந்தது. டீக்கடைக்காரர் வாயில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கே முட்டுக் கொடுக்க வேண்டும், தொட்டியை முழுக்கக் காலி செய்ய வேண்டும், வேலை முடிகிற வரை எந்த மாடியிலும் பின்னறையில் யாரும் படுக்கக் கூடாது என்று சொன்னார். மழைக்காலம் முடிகிற வரை காத்திருக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். "நாம காத்திருந்தாலும் மழை காத்திருக்காது," என்றார். நோட்டீஸைப் பற்றி அவர் பேசவே இல்லை. "நான் ரிட்டயர் ஆயிட்டேன்மா," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதையும் நான் அப்போது முழுசாக நம்பவில்லை.

நோட்டீஸ் வரவில்லை. ஆனால் வேலை முடிகிற வரை என்னிடம் யாரும் பேசவில்லை. பாயைச் சுருட்டி முன்னறைக்கு வந்தார்கள், பக்கெட்டில் தண்ணீர் தூக்கினார்கள், கொத்தனாருக்குப் பங்கு போட்டார்கள், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் திட்டினார்கள். வாய்விட்டு இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆ-நா உள்ள ஊரில் திட்டுவது அப்படித்தான். எங்கள் கயிற்று மணி அடிக்கவே இல்லை. டீக்கடையில் சொன்னால்கூடக் கையில்தான் கொடுத்தார்கள். வீட்டுக்குள்ளும் கணவனும் மனைவியும் சாப்பாடு, கரண்ட், பிள்ளை என்று தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். அவர் மறைத்ததை நான் மன்னிக்கவில்லை. நான் சொல்லிவிட்டதை அவரும் மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

சுற்றிலும் புதிதாகக் கம்பி கட்டிக் கொத்தனார்கள் தூணைத் தடிமனாக்கினார்கள். குழாயை மாற்றினார்கள். தூணுக்கு அடித்த பலகையைப் பிரித்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது, சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தூண் நின்றது. அந்த மழையில் ஒரு காலை எங்கள் மணி அடித்தது. இழுத்துப் பார்த்தால் பையில் சூடாக மொஹிங்கா. கீழே குடையைப் பிடித்துக்கொண்டு அமா என்னை நிமிர்ந்து பார்க்காமல் நின்றிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் உப்பு கூடுதல்தான். அன்று மாலை படியில் பார்த்தபோது நன்றாக இருந்தது என்று சொன்னேன். எனக்கும் அந்த வழக்கம் தொற்றிவிட்டது போல.

சயாவிடம் சரி என்று சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் இன்னும் அதே ஃபெரி பஸ், அதே மேஜை. இரண்டையும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் ஒன்றை விட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அவர் தரகர்களிடம் டீ குடிப்பதை இப்போதும் கவனிக்கிறேன். வீடுகளுக்குப் போனால் காலண்டரைத்தான் முதலில் தூக்குகிறேன். அங்கே குடியிருப்பவர்கள் சங்கடப்பட்டு என் முன்னால் வந்து நிற்பார்கள். முன்பென்றால் இவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். இப்போது இவர்களுக்கு வேறு போக்கிடம் உண்டா என்றும் யோசிக்கிறேன். யோசித்துவிட்டு, இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பின்னறைச் சுவரைப் பூசிக் காய்ந்த பிறகு, பிரிந்த இடம் நின்றுவிட்டதா என்று பார்க்க மறுபடி ஒரு காகிதம் ஒட்டச் சொல்லியிருந்தார் சயா. என் வீட்டுக்காரர் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். காகிதத்தையும் ஒரு சிவப்பு அம்பையும் என்னிடம் நீட்டினார்.

"நீயே ஒட்டிரு," என்றார். "நான் ஒட்டினா நீ நம்பமாட்ட."

காகிதத்தையும் அம்பையும் அவர் கையிலேயே விட்டுவிட்டேன்.

"நீங்களே ஒட்டுங்க. மொன மட்டும் வெடிப்பப் பாத்து இருக்கணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். முனை சரியான பக்கம்தான் இருந்தது. அம்பு கொஞ்சம் கோணல். ஆலையில் என்றால் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டியிருப்பேன். என் கை அதை நோக்கிப் போனது, அப்படியே கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.